ஏறியவனும் எழுதியவனும்

சைக்கிளைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மணிக்கு நாலணா வாடகைக்குச் சைக்கிள் எடுத்து ஓட்டிய நாட்களில், எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலத்தைக்கூட நான் ஒரு தடவையும் மிதித்துக் கடந்ததில்லை. பாதி மேட்டில் இறங்கி, செயின் கழன்றுவிட்டது போலக் குனிந்து பார்த்து ஒரு பாவனை செய்துவிட்டு, உருட்டிக்கொண்டே போய்விடுவேன். மலைக் கணவாயைச் சைக்கிளில் கடப்பது பற்றி எனக்குச் சொந்த அனுபவம் எதுவும் கிடையாது.

ஆனால், கணவாயைச் சைக்கிளில் கடந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச, எழுதுகிறவன் என்ற முறையில், எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் கணவாய்களைத் தாண்டிப் போகும் சைக்கிள் பந்தயங்களைச் சுற்றி ஐரோப்பாவில் ஒரு தனி இலக்கியமே வளர்ந்திருக்கிறது. அதிலே மூன்று எழுத்துக்களைச் சமீபத்தில் ஆங்கிலத்தில் படித்தேன். ஒன்று, இத்தாலிய நாவலாசிரியர் டினோ புஸ்ஸாட்டி 1949-ல் ஒரு தினசரிக்காக எழுதிய கட்டுரைகள். இரண்டாவது, பிரெஞ்சு விமரிசகர் ரோலான் பார்த் 1957-ல் வெளியிட்ட தம் நூலில், பிரெஞ்சு தேசத்தைச் சுற்றும் பந்தயத்தை ஒரு காவியமாகப் பார்த்து எழுதிய கட்டுரை. மூன்றாவது, டச்சு நாவலாசிரியர் டிம் கிராபே 1978-ல் வெளியிட்ட ஒரு சிறிய நாவல்.

மூன்றும் நல்ல எழுத்துத்தான். ஆனால் படித்து முடித்த பிறகு ஒரு சங்கடம் மனசில் தங்கிவிட்டது. பிறத்தியான் மூச்சு முட்ட மலை ஏறுகிறான். அதை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுகிறவன் எந்த எல்லை வரையில் போகலாம்? இந்தக் கேள்வி சைக்கிளோடு நின்றுவிடுகிற கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில், கணவாய் ஏறுவதில் அப்படி என்ன விசேஷம் என்று சொல்லிவிட வேண்டும். சமவெளியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவனுடைய பலத்தில் பெரும் பங்கு காற்றைக் கிழிப்பதிலேயே செலவாகிவிடுகிறது. ஆகவே ஒருவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் ஒண்டிக்கொண்டு போனால் கணிசமான பலம் மிச்சம். கூட்டத்தின் மறைவிலே பலவீனனும் பிழைத்துப் போகலாம். மலையில் இந்தச் சலுகை கிடையாது. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயருகிற பாதையில், மிகத் திறமையாக ஓட்டுகிறவனும் மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர்தான் போகிறான். அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டல்ல. தன் உடம்பின் கனத்தையும் சைக்கிளின் கனத்தையும் ஒவ்வொரு மிதிக்கும் அவனேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 2,300 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், மூச்சுக்கும் பஞ்சம். கூட வருகிறவன் உதவ முடியாது. ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. நாவலாசிரியர்களுக்கு இந்த விஷயத்தில் ஏன் நாக்கில் நீர் ஊறுகிறது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு மனிதனைத் தனியாக நிறுத்தி அவன் யார் என்று பார்ப்பதற்குத்தானே நாங்கள் நூறு பக்கம் பாடுபடுகிறோம்!

வேடிக்கை என்னவென்றால், கணவாய்ப் பந்தயத்தைப் பெற்றெடுத்ததே எழுத்துத்தான். பிரெஞ்சு தேசத்தைச் சுற்றும் பந்தயத்தை 1903-ல் ஆரம்பித்தது 'லோட்டோ' என்கிற விளையாட்டுத் தினசரி. பத்திரிகை விற்பனைக்காக ஆரம்பித்தது. 1910-ல் பந்தயத்தைப் பிரனீஸ் மலைகளின் பெரிய கணவாய்களுக்குள் கொண்டுபோக ஒரு யோசனை எழுந்தது. 2,115 மீட்டர் உயரமுள்ள துர்மாலே கணவாயைப் பார்த்துவர ஸ்டெய்னஸ் என்ற நிருபர் போனார். அவருடைய மோட்டார் பனியில் மாட்டிக்கொண்டது. இருட்டில் தனியே நடந்து, வழி தவறி, சாகப் பிழைக்க மறுபக்கம் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் ஆசிரியர் தெகிராஞ்சுக்குத் தந்தி அடித்தார்: துர்மாலேயைக் கடந்தாயிற்று, பாதை நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று! கணவாய் இலக்கியத்தின் முதல் வரி இந்தத் தந்திதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அது ஒரு பொய்.

அந்த வருஷம் ஜூலை 21-ந் தேதி பந்தயக்காரர்கள் துர்மாலேயையும் ஓபிஸ்க்கையும் ஒரே நாளில் கடந்தார்கள். அன்றைய தூரம் 326 கிலோமீட்டர். முன்னணியில் இருந்த லாப்பிஸ், வழியில் நின்ற பந்தய நிர்வாகிகளைப் பார்த்து, "கொலைகாரர்கள்!" என்று கத்தினார். அந்த வார்த்தை தப்பிப் பிழைத்து இன்றுவரை வந்திருக்கிறது. அந்தப் பந்தயத்தில் கடைசியில் ஜெயித்தவரும் அவரே. மறு வருஷமே தெகிராஞ்ச், கலிபியே என்ற ஆல்ப்ஸ் கணவாயைப் போற்றி ஒரு தோத்திரம் மாதிரியே எழுதினார். மனிதர்களை மலைமேல் ஏற்றிவிட்டவரும் மலைக்குத் தோத்திரம் பாடியவரும் ஒருவரே. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு நம் மூன்று ஆசிரியர்களிடம் வருவோம்.

புஸ்ஸாட்டி சாதாரண நிருபர் அல்ல. எல்லைக் கோட்டை ஒன்றில், வராத எதிரிக்காக ஆயுள் முழுவதும் காத்திருந்து கிழவனாகிவிடும் ஒரு ராணுவ அதிகாரியைப் பற்றி 1940-ல் அவர் எழுதிய நாவல் உலகப் புகழ் பெற்றது. அவர் மலையேற்றத்தில் பித்துக்கொண்டவர். மலை என்றால் என்ன என்று கால்களால் அறிந்தவர். ஆனால் சைக்கிள் பந்தயத்தை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. அதைத் தம் கட்டுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். 1949-ல் இத்தாலியைச் சுற்றும் பந்தயத்தின் பின்னாலே காரில் போய் அவர் எழுதிய கட்டுரைகளின் சிகரம், ஜூன் 10-ந் தேதி கூனியோவிலிருந்து பினரோலோ வரையில் நடந்த ஓட்டம். 254 கிலோமீட்டர், ஐந்து கணவாய்கள். அவற்றில் உயரமானது இஸோவார், சுமார் 2,360 மீட்டர். மழை, சேறு. ஃபாஸ்டோ கோப்பிக்கு அப்போது வயது 29; ஜினோ பார்தாலிக்கு 35 நிறைய ஒரு மாசத்துக்குச் சற்று அதிகம். கோப்பி முதல் கணவாயிலேயே பிரிந்து, 192 கிலோமீட்டர் தனியாகப் போய், பார்தாலியை ஏறக்குறைய பன்னிரண்டு நிமிஷம் பின்தள்ளி வந்து சேர்ந்தார்.

இதை எழுத உட்கார்ந்த புஸ்ஸாட்டிக்குக் கிரேக்க காவியம் ஞாபகம் வந்துவிட்டது. கோப்பி அகிலீஸ், பார்தாலி ஹெக்டர். நாமாக இருந்தால் அர்ஜுனனையும் கர்ணனையும் இழுத்திருப்போம். இந்த உபமானம் அளவுக்கு மீறியதோ என்று அவரே ஒரு கணம் தயங்குகிறார், தயங்கிவிட்டுச் சொல்லியும்விடுகிறார். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பார்தாலியைத் தோற்கடித்தது கோப்பி அல்ல, வயசு என்ற அமானுஷ்ய சக்தி என்று அவர் முடிவு கட்டுகிறார். அவருடைய கோட்டை நாவலைப் படித்தவர்களுக்கு இது யாருடைய குரல் என்று தெரிந்துவிடும். காரில் உட்கார்ந்திருந்த புஸ்ஸாட்டி பார்தாலியிடம் கண்டது தம்முடைய பழைய கதாநாயகனை. அன்று பார்தாலி, தன் அஸ்தமனம் வந்துவிட்டது என்பதை முதல் தடவையாக உணர்ந்தார் என்றும், முதல் தடவையாகப் புன்னகை செய்தார் என்றும் அவர் எழுதுகிறார்.

புன்னகை செய்தது வாஸ்தவமாக இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். கூடுபோலக் கார் மூடியிருந்தாலும் பார்த்திருக்கலாம். ஆனால் உணர்ந்தார் என்று சொல்கிறாரே, அது எப்படித் தெரிந்தது? அங்கேதான் நிருபர் இறங்கிக்கொண்டு நாவலாசிரியர் ஏறிக்கொள்கிறார். நானும் முதல் தடவை படித்தபோது கண் கலங்கினேன். பிறகு கணக்குப் பார்த்தேன். அந்த ஓட்டம் நடந்து 38 நாட்கள் கழித்து, ஜூலை 18-ந் தேதி, பிரெஞ்சுப் பந்தயத்தில், அதே இஸோவார் கணவாயை அதே இருவரும் சேர்ந்து தாண்டினார்கள். அன்று பார்தாலியின் பிறந்த நாள். பிரியான்ஸோன் நகரத்தில் கோப்பி அவருக்கு விட்டுக்கொடுத்தார். பார்தாலி முதலாக வந்து மஞ்சள் சட்டையும் போட்டுக்கொண்டார். பந்தயத்தை முடிவில் கோப்பி ஜெயித்தார், பார்தாலி இரண்டாவதாக வந்தார். அதற்கப்புறமும் 1954 வரையில் அவர் ஓட்டினார். கோப்பி 1960-ல், நாற்பதாவது வயதில், மலேரியாவில் இறந்தார். பார்தாலி 2000-வது வருஷம் வரையில் வாழ்ந்தார். காவியத்தின்படி அகிலீஸின் கையால் மடிய வேண்டிய ஹெக்டர், அகிலீஸுக்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்து, எல்லாரோடும் வாதாடிக்கொண்டிருந்தார். வாழ்க்கை, உபமானத்தைவிட நீளமானது.

இதற்காகப் புஸ்ஸாட்டியைக் குறை சொல்லிவிட முடியுமா? முடியாது என்பதே என் அபிப்பிராயம். அவர் தோற்றவன் பக்கம் திரும்பினார். ஊர் முழுவதும் கோப்பியின் பேரைக் கூவிக்கொண்டிருந்தபோது, சேற்றில் பின்தங்கி வந்தவனுடைய முகத்தை அவர் பார்த்தார். அவருடைய பிழை அன்பினால் வந்த பிழை.

ரோலான் பார்த்தின் சமாசாரம் வேறு. அவர் மகா புத்திசாலி. பந்தயம் ஒரே சமயத்தில் காவியமாகவும் வியாபாரமாகவும் இருப்பதை அவரைப்போல் யாரும் பிட்டுப் பிட்டு வைத்ததில்லை. தெற்குப் பிரான்சில் மோன் வாந்தூ என்று ஒரு தனி மலை இருக்கிறது. அது கணவாய் அல்ல. ஆனால் பாதை அதன் 1,900 மீட்டர் உச்சிமேலேயே ஏறி இறங்குகிறது. மேலே மரமில்லை, நிழலில்லை, வெள்ளைச் சுண்ணாம்புக்கல்தான். அந்த மலையைப் பார்த், பலி கேட்கிற ஒரு துஷ்ட தேவதையாக வர்ணிக்கிறார். ஊக்க மருந்து சாப்பிடுவது தெய்வத்தினிடமிருந்து பொறியைத் திருடுகிற பாபம் என்றும் எழுதுகிறார். படிக்கப் பிரமாதமாக இருக்கிறது. 1955-ல் அந்த மலையிலே மல்லெஜாக் என்ற பந்தயக்காரர் நினைவு தப்பி விழுந்து, வெகு நேரம் கழித்துத்தான் கண் விழித்தார். ஆகவே வர்ணனைக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல முடியாது.

கட்டுரை வெளிவந்து பத்து வருஷம் கழித்து, 1967 ஜூலை 13-ந் தேதி, கடும் வெயிலில், டாம் சிம்ஸன் என்ற 29 வயது ஆங்கிலேயர் அந்த மலையின் உச்சிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தார். உடம்பில் ஊக்க மருந்தும் மதுவும் இருந்தன என்று பரிசோதனையில் தெரிந்தது. செய்தியை அறிந்துகொண்டு பார்த்தின் கட்டுரைக்குத் திரும்பிப் போனால், அந்தத் துஷ்ட தேவதை பல்லை இளிக்கிறது. பலி கிடைத்துவிட்டது, உபமானம் பலித்துவிட்டது. ஆனால் சிம்ஸனைக் கொன்றது எந்தத் தேவதை? வெயில், தாகம், மாத்திரை, அடுத்த வருஷத்து ஒப்பந்தத்தைப் பற்றிய கவலை. இவற்றுக்கெல்லாம் பெயர் உண்டு, பொறுப்பாளிகளும் உண்டு. மலையைத் தேவதையாக்கிவிட்டால் அந்தப் பெயர்களைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது. லாப்பிஸ் கத்திய அந்த ஒற்றை வார்த்தை மலையைப் பார்த்துக் கத்தியது அல்ல, மனிதர்களைப் பார்த்து.

சிம்ஸன் கதையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. முதல் தடவை விழுந்ததும், தன்னை மறுபடி சைக்கிளில் ஏற்றிவிடச் சொன்னாராம். அதுவே அவருடைய கடைசி வார்த்தை என்று உலகம் முழுவதும் பரவிவிட்டது. புஸ்தகத்துக்குத் தலைப்பாகவும் வந்துவிட்டது. ஆனால் அந்த வாக்கியத்தை எழுதிய பத்திரிகைக்காரர் அப்போது அந்த இடத்தில் இல்லை. பக்கத்தில் நின்ற மெக்கானிக்கின் ஞாபகத்தில் இருந்ததெல்லாம், போகணும் என்கிற பாவனையில் அவர் முனகிய ஓரசைச் சொல்தான். முனகலை ஒரு நல்ல வாக்கியமாக்கி, செத்தவன் வாயில் வைத்துவிட்டது எழுத்து.

மூன்றாவது ஆசிரியர் கிராபே, இவர்களிடமிருந்து விலகி நிற்கிறார். காரணம் எளிது, அவர் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார். சதுரங்கத்தில் தேர்ந்த இந்த டச்சுக்காரர் முப்பது வயதை ஒட்டித்தான் பந்தயத்துக்கு வந்தார். 1977-ல் தெற்குப் பிரான்சில், 1,567 மீட்டர் உயரமுள்ள எய்குவால் மலையைச் சுற்றி நடக்கிற ஒரு சின்னப் பந்தயம்தான் நாவல் முழுவதும். ஓட்டுகிறவர்கள் அமெச்சூர்கள். பார்க்கக் கூட்டம்கூட இல்லை. கிலோமீட்டர் கிலோமீட்டராகக் கதை நகருகிறது.

மலை ஏறுகிறவன் மனசில் என்ன ஓடுகிறது? காவியம் ஒன்றும் ஓடவில்லை. பல்சக்கரத்தில் எத்தனை பல், இன்னும் ஒரு பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றலாமா, மாற்றினால் பக்கத்தில் வருகிறவன் கவனித்துவிடுவானா, இதுதான் ஓடுகிறது. பலமாக மிதிக்க மிதிக்க நினைவு சுருங்கிவிடுகிறது என்கிறார். ஒரு சொல்லோ எண்ணோ மண்டைக்குள் செக்கு மாடுபோலச் சுற்றுகிறது. பார்தாலி இஸோவாரில் தன் அஸ்தமனத்தைப் பற்றிச் சிந்தித்திருக்க மாட்டார், கை விரல் மரத்துப்போனதைப் பற்றித்தான் நினைத்திருப்பார் என்ற சந்தேகம் எனக்கு இந்த நாவலைப் படித்த பிறகுதான் வந்தது.

கிராபேயிடமும் குறை இல்லாமல் இல்லை. கஷ்டப்படுகிறவனுக்கு இயற்கை ஏதோ அந்தரங்கமான வெகுமதி தருகிறாள் என்று அவரும் நம்புகிறார். சாலை ஓரத்தில் காபி குடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஒரு இளப்பம். மேம்பாலத்தில் இறங்கி உருட்டியவன் என்ற முறையில் இது எனக்குச் சற்று உறைக்கவே செய்கிறது. ஆனால் நாவலில் ஒரு சின்ன உபகதை வருகிறது. ஆங்க்தில் என்ற பேர்பெற்ற பந்தயக்காரர், மலை ஏறும் முன்பு தண்ணீர்ப் புட்டியைச் சைக்கிளிலிருந்து எடுத்து முதுகுப் பையில் வைத்துக்கொள்வாராம், சைக்கிளின் கனம் குறையுமே என்று! கனம் எங்கே போகும்? ஆனாலும் ஏறுகிறவன் மனசு அப்படித்தான். இதைச் சொல்லிவிட்டு கிராபே, பழைய போட்டோக்களைப் பார்த்ததாகவும், அவற்றில் புட்டி சைக்கிளிலேயே இருந்ததாகவும் நம்மிடம் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டு, கதையைவிட போட்டோதான் பிசகு என்று சாதிக்கிறார்.

சிரித்துக்கொண்டே படித்த இந்த இடம்தான் எனக்கு விஷயத்தைத் தெளிவாக்கியது. கிராபேயும் கதை கட்டுகிறார். ஆனால் போட்டோவையும் நம் கையில் கொடுத்துவிடுகிறார். எது நடந்தது, எது தாம் விரும்பியது என்று பிரித்துப் பார்க்க வாசகனுக்கு இடம் விடுகிறார். சிம்ஸன் வாயில் வாக்கியத்தை வைத்தவர் அந்த இடத்தை விடவில்லை. புஸ்ஸாட்டி பாதி விட்டார். பார்த்துக்கு அந்தக் கவலையே இல்லை.

ஊராருக்குத் தீர்ப்புச் சொல்லி முடிக்கும்போது என் பங்கையும் சொல்லிவிடுவதுதான் மரியாதை. என் ஆரம்பகால நாவல் ஒன்றில் ஒரு பெரியவர் சாகிறார். என் பெரியப்பாவை மனசில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அவர் இறக்கும்போது நான் ஊரில் இல்லை. நாவலில் அவர், மண்ணைப் பற்றியும் மனுஷ ஜன்மத்தைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார். அந்த இரண்டு வாக்கியத்தைப் பாராட்டி எனக்கு வந்த கடிதங்கள் வேறெதற்கும் வந்ததில்லை. பெரியம்மாவுக்கு யாரோ அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த தடவை நான் போனபோது, காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவர் அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலியேடா. கொல்லைக் கதவைச் சாத்தியாச்சான்னுதான் கேட்டார்."

கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள். அந்த நாவல் அதற்கப்புறம் இரண்டு பதிப்பு வந்துவிட்டது. வாக்கியங்களை நான் மாற்றவில்லை, மாற்றியிருக்க வேண்டும். நான் சிருஷ்டித்த இரண்டு வாக்கியத்தைவிட அந்தக் கொல்லைக் கதவு எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.